தாமதத்துக்கான காரணம்

ஐந்து பத்துக்குப் பொத்துவிலில் எடுத்த பஸ்ஸை
கோமாரி தாண்டிய வளைவில் மறித்தார்கள்.
யாரோ தகவல் கொடுத்ததாம்.
யார், என்ன தகவல்,
அதெல்லாம் எங்களுக்குச் சொல்லுகிற வழக்கமில்லை.

இறங்கினோம்.
இறங்குவதில் எங்களுக்குத் தேர்ச்சி உண்டு.
அடையாள அட்டை வலது கையில்,
பையின் சிப் முன்கூட்டியே திறந்தபடி,
முகத்தில் ஒன்றுமில்லை.
என் சோற்றுப் பெட்டியை நானே திறந்து காட்டினேன்,
அவர் கேட்கக்கூட இல்லை.
கத்தரிக்காய்ப் பால்கறி, இரண்டு முரல் பொரியல்.
போ என்று தலையசைத்தார்.
நன்றி சொன்னேன்.

ஏழாவதாக நின்றவள்
பச்சைப் பையை மார்போடு அணைத்தபடி
"என்னத்துக்கு?" என்றாள்.
சத்தமாக இல்லை,
தேங்காய் விலை கேட்பதுபோல.

"பேக் துறங்க" என்றார் சார்ஜன்.
"என்ன சந்தேகமெண்டு சொல்லுங்க.
மறுகா, என்னையும் என்ட பையையும்
பொம்பிளைப் பொலிஸ்தான் பாக்கணும்.
வரட்டும். நிக்கிறன்."

முதலில் முணுமுணுத்தது பொலிஸ் இல்லை,
நாங்கள்.
"காட்டிப்போட்டு வாகா, சுணங்குது."
"ஒண்டுமில்லெண்டா பயமென்ன?"
கல்முனைக்கு ரத்தம் மாற்றப் போகிறவர்
துண்டை எடுத்து நேரம் பார்த்தார், மடித்தார், மீண்டும் எடுத்தார்.
"படிச்ச திமிர்" என்றது ஒரு குரல்.
அது என்னுடையது.
இதை எழுதும்போதும் வேறு யாருடையதோ என்று
மாற்றிவிடத்தான் ஆசை.

பின்படியில் இருந்த புகாரியின் மீன்பெட்டி
மூலையால் சொட்டத் தொடங்கியது.
ஐஸ் தண்ணீர் படி படியாக இறங்கி
தாரில் ஒரு கோடாகி
வளைந்து வளைந்து
அவள் செருப்பு வரைக்கும் போனது.

"பஸ் போகலாம். அவ மட்டும் நிக்கட்டும்."

எவ்வளவு கெதியாக ஏறினோம்!
கொண்டக்டர் றிபாஸ் மணிக்கயிற்றைப் பிடித்தான்.
அவள் கீழே நின்று ரிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.
"தம்பி, அக்கரைப்பற்று மட்டும் காசு தந்திருக்கன்."

அவன் கை கயிற்றிலேயே நின்றது.
இழுக்கவுமில்லை, விடவுமில்லை.
புகாரி பின்படியில் குந்திக்கொண்டு அவளை ஏசினார்.
பாரைக்கு என்ன விலை, விளைமீனுக்கு என்ன விலை,
கிலோக் கணக்குச் சொல்லி ஏசினார்.
ஆனால் காலை வெளியே தொங்கவிட்டபடியே இருந்தார்.
அந்தக் கால்களோடு பஸ் எடுக்க முடியாது.

ஐம்பத்தைந்து நிமிடம் கழித்து
மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து வந்தாள் பொம்பிளைப் பொலிஸ்,
தொப்பிக்குள் அடங்காத ஈரத் தலையோடு.
தகரக் கொட்டிலுக்குள் இரண்டு நிமிடம்.

வெளியே வந்தவள் உடனே ஏறவில்லை.
சார்ஜனின் சட்டையில் இருந்த இலக்கத்தை
ரிக்கட்டின் பின்புறத்தில் எழுதினாள்.
பேனை எழுதவில்லை. உதறினாள்.
யன்னலோரம் இருந்த என்னைப் பார்த்தாள்.
கொடுத்தேன்.
மூடியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன்,
பேனை திரும்பி வரவேண்டுமே என்று.

பைக்குள் என்ன இருந்தது?
நீங்களும்தான் கேட்கிறீர்கள்.
தம்பிலுவில் வரைக்கும் நாங்களும்
ஒருவரையொருவர் அதையே கேட்டோம்,
அவளுக்கும் கேட்கும்படியாக.
அவள் கடற்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.
பை மடியில்.
அக்கரைப்பற்றில் இறங்கும்போது பேனையைத் தந்தாள்.
பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மட்டக்களப்புக் கந்தோரில்
வரவுப் புத்தகத்தில் சிவப்புக்கோடு போட்டாயிற்று.
கோட்டுக்குக் கீழே என் பெயர், நேரம்,
அதற்குப் பக்கத்தில்
தாமதத்துக்கான காரணம்.
பேனை நன்றாகத்தான் எழுதியது.
பஸ் பழுது.